உப்பங்கரைக்கு வழி

மரக்காணம், கூனிமேடு பக்கம் போக நினைப்பவர் முதலில் மாதத்தை முடிவு செய்துகொள்ள வேண்டும். வண்டி, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அதற்குப் பிறகுதான். தை மாதத்தில் உப்புப் பாத்திகளைச் சீர்செய்து மிதித்துத் தண்ணீர் கட்டத் தொடங்குவார்கள். மாசியில் முதல் உப்பு கண்ணில் படும். சித்திரை, வைகாசி வெயிலில் விளைச்சல் உச்சத்துக்குப் போகும். ஆவணி, புரட்டாசி வரை வானத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்டுவார்கள். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் பாத்தி எது, வரப்பு எது என்று தெரியாது. கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர்தான்.

பறவைகளின் கணக்கு இதற்கு நேர்மாறு. உப்பு நின்ற பிறகுதான் அவை வருகின்றன. கார்த்திகை தொடங்கி மாசி முடியப் பக்கத்துக் கழுவெளி ஏரியில் வலசைப் பறவைகள் நிறைந்திருக்கும். ஒரே பயணத்தில் இரண்டையும் பார்க்க வேண்டுமென்றால் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரைதான் வாய்ப்பு. வெயிலும் அப்போது தாங்கும்படி இருக்கும். உப்பு வாருவதை முழு வேகத்தில் பார்க்க ஆசைப்படுபவர் மே மாதம் வரலாம். வந்தால் விடியுமுன் உப்பளத்தில் நிற்க வேண்டும்.

கூனிமேடு புதுச்சேரிக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியே இருக்கிறது. அங்கிருந்து வடக்கே பதினைந்து கிலோமீட்டருக்குள் மரக்காணம். இந்தக் கரைக்கு ரயில் கிடையாது. திண்டிவனம், புதுச்சேரி இரண்டும்தான் அருகிலுள்ள நிலையங்கள். சென்னையிலிருந்து மரக்காணத்துக்குச் சுமார் 120 கிலோமீட்டர். புதுச்சேரி போகும் பேருந்துகளில் ஒரு பகுதி திண்டிவனம் வழியாகப் போய்விடும். எனவே பலகையில் ‘இ.சி.ஆர்.’ என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து ஏறுங்கள். மரக்காணத்தில் பெரும்பாலான வண்டிகள் நிற்கும். கூனிமேட்டில் நிற்குமா என்று ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுவிடுவது நல்லது. புதுச்சேரியிலிருந்து வருவது இதைவிட எளிது. மரக்காணம் பக்கம் வரும் ஊர்ப் பேருந்துகள் வழியிலுள்ள ஊர்களில் எல்லாம் நின்று நின்று வரும். குடும்பத்தோடு வருகிறவர்கள் புதுச்சேரியிலோ காலாப்பட்டுப் பக்கமோ தங்கிக்கொண்டு, விடியற்காலையில் ஒரு வண்டி பேசிக்கொண்டு வருவதே சரி. விடியுமுன் வந்து சேரப் பேருந்தை நம்ப முடியாது.

மகாபலிபுரத்தையும் புதுச்சேரியையும் பார்க்க வருகிறவர்கள் ஒவ்வொரு வார இறுதியிலும் இந்தச் சாலையில் ஆயிரக்கணக்கில் போகிறார்கள். மரக்காணத்தை நெருங்கும்போது இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாக அம்பாரங்கள் தெரியும். கார்க் கண்ணாடி வழியாகக் குழந்தைகள் கைகாட்டிக் கேட்பார்கள். ‘உப்பு’ என்று பதில் வரும். அதற்குள் உப்பளம் கடந்து போயிருக்கும். இப்போது சாலையை நான்கு வழியாக அகலப்படுத்துகிறார்கள். இனி அந்தக் கேள்விக்குக்கூட நேரம் இருக்குமா என்று தெரியவில்லை.

பாங்காக்குக்குத் தென்மேற்கே சமுத் சாக்கோன் என்ற மாகாணம் இருக்கிறது. அங்கேயும் நெடுஞ்சாலையை ஒட்டி இதே போல உப்பு வயல்கள். கம்போடியாவில் கம்போட் நகரத்துக்குப் போகிற வெளிநாட்டுப் பயணிகள் மிளகுத் தோட்டத்தையும் உப்பு வயலையும் பார்க்காமல் திரும்புவதில்லை. தமிழ்நாட்டிலிருந்து தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் போகிறவர்கள் பெருகியிருக்கிற இந்தக் காலத்தில், அங்கே வண்டியை நிறுத்திப் படமெடுக்கும் அதே காட்சி நம் வீட்டு வாசலில் இருக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். தூத்துக்குடிக்கும் வேதாரண்யத்துக்கும் அடுத்தபடியாக மாநிலத்தில் உப்பு அதிகம் விளைகிற இடம் மரக்காணம். மூவாயிரம் ஏக்கருக்கும் மேல் பரந்து கிடக்கிறது. இங்கே நுழைவுச் சீட்டு கிடையாது. வழிகாட்டியும் கிடையாது, வழிகாட்டிப் பலகையும் கிடையாது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

கூனிமேட்டில் சாலையோரத் தேநீர்க் கடை ஒன்றில் உட்கார்ந்து முந்தின நாள் மாலையே விசாரித்துக்கொண்டேன். ஊரில் இஸ்லாமியக் குடும்பங்கள் நிறைய. கடைக்காரரை எல்லோரும் பாய் என்றே அழைக்கிறார்கள். நானும் அப்படியே கேட்டேன்.

“உப்பு வார்றத பாக்கணும் பாய். எப்ப போனா சரியா இருக்கும்?”

“காலைல அஞ்சு மணிக்கெல்லாம் அங்க நின்னுடுங்க தம்பி. ஏழு, எட்டுக்கு மேல போனா கண்ணு கூசும், ஒண்ணும் பாக்க முடியாது. அவங்களும் ஒம்போது, பத்துக்கெல்லாம் கரையேறிடுவாங்க.”

“யார்கிட்டயாவது சொல்லிட்டுத்தான் உள்ள எறங்கணுமா?”

“அங்க ஆள் இருப்பாங்க. ஒரு வார்த்தை கேளுங்க. கேட்டா யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க. கேக்காம பாத்திக்குள்ள காலை வச்சாத்தான் கத்துவாங்க.”

அவர் சொன்ன கடைசி வாக்கியத்தின் காரணம் மறுநாள் விளங்கியது. உப்புப் பாத்தியின் தரை வெறும் மண்ணல்ல. ஆட்கள் வரிசையாக நின்று நாள்கணக்கில் மிதித்து மிதித்து இறுக்கிய களிமண் தளம். தண்ணீர் கீழே இறங்காமல் இருக்க வேண்டும், வாரும்போது மண் கலந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அவ்வளவு பாடு. செருப்புக் காலோடு ஒருவர் உள்ளே இறங்கினால் தளம் பெயரும், சேறு கிளம்பும், அந்தப் பாத்தியின் உப்பு பழுப்பாகிப் போகும். வருகிறவர்கள் வரப்பின் மேல் மட்டும் நடக்க வேண்டும். வரப்பும் ஈரமாக வழுக்கும். நல்ல பிடிப்புள்ள ரப்பர் செருப்பு போதும். தோல் செருப்பு அன்றோடு முடிந்துவிடும்.

கடலிலிருந்து கழிமுகம் வழியாக ஏறிவரும் உப்பங்கழித் தண்ணீரையும், சில இடங்களில் நிலத்தடியிலிருந்து இறைக்கும் உவர்நீரையும் முதலில் பெரிய தேக்கங்களில் நிறுத்துகிறார்கள். அங்கிருந்து அடுத்தடுத்த பாத்திகளுக்கு மாற்றி மாற்றி வெயிலில் காயவிடுகிறார்கள். கடல்நீரின் அடர்த்தி போமே அளவில் சுமார் 3 டிகிரி. அது சுண்டிச் சுண்டி 25 டிகிரியைத் தொடும்போதுதான் உப்பு பூக்கும். அதற்கு முன்பே ஜிப்சம் தனியாகப் படிந்துவிடும். 29, 30 டிகிரியைத் தாண்டவிட்டால் மக்னீசியச் சத்து ஏறி உப்பு கசக்கும், ஈரம் பிடித்து ஒழுகும். அதனால் அந்தக் கட்டத்தில் மிச்சத் தண்ணீரை வெளியேற்றிவிடுகிறார்கள். அளக்க ஒரு கண்ணாடிக் கருவி இருக்கிறது. ஆனால் அனுபவப்பட்டவர்கள் தண்ணீரின் நிறத்தையும், விரலில் எடுத்துத் தேய்த்தால் உண்டாகும் பிசுபிசுப்பையும் வைத்தே சொல்லிவிடுகிறார்கள். அடர்த்தி மிகுந்த பாத்திகளில் தண்ணீர் இளஞ்சிவப்பாகத் தெரிவதைப் பார்க்கலாம். உவர்ப்பில் மட்டுமே வாழ்கிற நுண்ணுயிர்களின் நிறம் அது. கழுவெளிக்கு வருகிற பூநாரையின் சிவப்பும் இதே வகையான பாசியையும் சிற்றிறாலையும் தின்பதால் வருவதுதான்.

நீளமான கழியின் முனையில் பலகை கட்டி, பாத்தியின் அடியில் படிந்ததை ஆண்கள் இழுத்து வரப்போரம் ஒதுக்குகிறார்கள். பலகை உப்பின் மேல் உராயும் சத்தம் விடியற்காலையில் வெகுதூரத்துக்குக் கேட்கிறது. தண்ணீர் வடிந்த உப்பைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து அம்பாரத்துக்குக் கொண்டு போவது பெரும்பாலும் பெண்கள். கூடையிலிருந்து வடிகிற உப்புநீர் நெற்றி வழியாகக் கண்ணில் இறங்கும். கழுத்தெல்லாம் வெள்ளையாகக் காய்ந்திருக்கும். படம் எடுத்துக்கொள்ளலாமா என்று ஒருவரிடம் கேட்டேன்.

“எடுத்துக்க தம்பி. மூஞ்சிய எடுத்து இன்னா பண்ணப் போற? இந்தக் காலை எடு” என்று ஒரு காலைத் தூக்கிக் காட்டினார். குதிகால் முழுக்க வெடிப்பு. வெடிப்புக்குள் உப்பு.

“மருந்து ஏதாவது போடுவீங்களாக்கா?”

“தேங்கா எண்ணெ தடவிட்டு வருவோம். எறங்கின கொஞ்ச நேரத்துல எல்லாம் போயிடும்.”

பயணக் குறிப்பு எழுதுகிறவர்கள் வழக்கமாகச் சொல்கிற எச்சரிக்கைகளை நானும் சொல்லியாக வேண்டும். உப்பளத்துக்குள் நிழல் இல்லை. குடிதண்ணீர் இல்லை. கழிப்பறை இல்லை. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி அல்லது துண்டு, கறுப்புக் கண்ணாடி அவசியம். வெள்ளைத் தரையிலிருந்து திரும்பி அடிக்கிற வெளிச்சம் மேலிருந்து விழுகிற வெயிலைவிடக் கண்ணை வருத்தும். குழந்தைகளையும் முதியவர்களையும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். இதை எழுதும்போதே மனம் உறுத்துகிறது. ஒன்றரை மணி நேரத்துக்கு நமக்குக் கூடாது என்று நான் பட்டியல் போடுகிற ஒவ்வொன்றும், இங்கே வேலை செய்கிறவர்களுக்கு ஆண்டில் எட்டு, ஒன்பது மாதம் தினமும் இருக்கிற நிலைமை. நிழல் இல்லாததும் கழிப்பறை இல்லாததும் பெண்களுக்கு உடம்பிலேயே நோயாகத் தங்கிவிடுகிறது. காலையில் வந்தது முதல் வேலை முடிகிற வரை தண்ணீர் குடிக்காமலே இருக்கிறவர்கள் உண்டு. இந்தக் கரைக்குச் சுற்றுலா வர வேண்டும் என்று நான் விரும்புவதற்கு ஒரு காரணம் இதுவும்தான். வெளியூர்க்காரர்கள் வந்து நிற்கத் தொடங்கினால் ஒரு கொட்டகையும் தண்ணீர்த் தொட்டியும் கழிப்பறையும் வரும். வந்தால் அவற்றை முதலில் பயன்படுத்துகிறவர்கள் இவர்களாகத்தான் இருப்பார்கள்.

மழை மாதங்களில் இவர்களுக்கு வேலை இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரையான அந்தக் காலத்துக்குக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்று தமிழ்நாடு அரசு 2021இல் அறிவித்தது. மூன்று மாதத்துக்கு அது எம்மட்டில் போதும் என்பதை வாசிப்பவர்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பருவம் தப்பிய மழையும் உண்டு. சித்திரையில் ஒரு நாள் கொட்டித் தீர்த்தால் பாத்தியில் பூத்திருந்தது கரைந்துபோகும். பிறகு தண்ணீரை இறைத்து, தளத்தைத் திரும்ப மிதித்து, மறுபடியும் காயவிட்டுக் காத்திருக்க வேண்டும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது, புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. மரக்காணத்து உப்பளங்கள் அப்படியே மூழ்கின. வானிலை அறிக்கையைப் பார்க்காமல் நவம்பர், டிசம்பரில் இந்தப் பக்கம் பயணம் வைத்துக்கொள்ள வேண்டாம்.

பயணிக்கு வழி சொல்லும் எழுத்து தமிழுக்குப் புதிதில்லை. பரிசில் பெற்றுத் திரும்புகிற ஒருவர், எதிரே வறுமையோடு வருகிற இன்னொருவருக்கு எந்த வழியாகப் போக வேண்டும், எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும், யார் எப்படி வரவேற்பார்கள் என்று சொல்வதுதான் ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை சொல்கிற வழி இந்தக் கரையில்தான் தொடங்குகிறது. ஓய்மாநாட்டு மன்னன் நல்லியக்கோடனைப் பார்க்கப் போகிறவர் முதலில் எயிற்பட்டினம் என்ற கடற்கரை ஊருக்கு வருகிறார். அந்த எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் முடிவு. அங்கே பரதவர் குடியில் பழைய தேறலும் சுட்ட குழல்மீனும் தருவார்கள் என்கிறது பாட்டு. அடுத்து வேலூர். அங்கே வேட்டுவர் வீட்டில் புளிச்சோறும் ஆமான் சூட்டிறைச்சியும். அதற்கடுத்து ஆமூர். அங்கே உழவர் வீட்டில் வெண்சோறும் நண்டுக் கறியும். நெய்தல், முல்லை, மருதம் என்று நிலம் மாற மாறச் சாப்பாடும் மாறுகிறது. உப்பு வணிகர்களான உமணர்களின் வண்டியும் அதே பாட்டில் வருகிறது. உமணர்களோடு கூடவே வளர்ந்த மந்தி ஒன்று, அவர்களுடைய பிள்ளைகளோடு கிளிஞ்சலுக்குள் முத்தைப் போட்டுக் கிலுகிலுப்பை ஆட்டி விளையாடுகிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு நெருக்கமான ஒரு பயணக் குறிப்பில் உப்புக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இடம் கிடைத்திருக்கிறது என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

எயிற்பட்டினத்தைச் சொல்கிற பகுதியில் இன்னொரு செய்தி. அந்தப் பட்டினத்துப் பெண்கள் அடுப்பெரிக்கிற விறகு, அலை கொண்டு வந்து ஒதுக்கிய மணமுள்ள மரம். படுத்திருக்கிற ஒட்டகம் போல அது கரையில் கிடக்கிறதாம். உரையாசிரியர்கள் அதை அகில் என்கிறார்கள். அகிலுக்குப் பேர்போன காடுகள் கடலுக்கு அந்தப் பக்கம், தென்கிழக்காசியாவில் இருக்கின்றன. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட எரித்திரேயக் கடல் பயண நூலும் இந்தக் கரையைப் பற்றிப் பேசுகிறது. கமரா, பொதுகே, சோபட்மா என்று மூன்று துறைமுகங்களை வரிசையாகச் சொல்கிறது. பொதுகே என்பது புதுச்சேரி, அரிக்கமேட்டுப் பகுதி என்றும் சோபட்மா மரக்காணம் என்றும் பலர் கருதுகிறார்கள். கங்கைக்கும், பொன் நாடு என்று அவர்கள் அழைத்த கீழ்த்திசைக்கும் போகிற பெரிய கலங்கள் இந்தத் துறைகளில் நின்றன என்று அந்த நூல் சொல்கிறது. இன்று விமானம் ஏறிப் போய்ப் பார்க்கிற தாய்லாந்துக்கும் மலாயாவுக்கும் அன்றைக்குக் கப்பல் புறப்பட்ட கரை இது.

மரக்காணம் ஊருக்குள் இருக்கிற பூமீஸ்வரர் கோயில் சோழர் காலத்துக் கற்றளி. உப்பளத்திலிருந்து ஒன்பது மணிக்குக் கரையேறினால் நேராக இங்கே வந்து விடலாம். நடை சாத்துவதற்கு முன் பார்த்தாயிற்று, நிழலும் கிடைத்தாயிற்று. சுவரில் கல்வெட்டுகள் நிறைய. உப்பளத்தைப் பேரளம் என்று சொல்கிற சோழர் காலத்துப் பேச்சு இந்த வட்டாரத்துக் கல்வெட்டுகளில் பதிவாகியிருக்கிறது. இதே தொழில், இதே மண். பக்கிங்காம் கால்வாயின் தென்கோடியும் மரக்காணம் பக்கம்தான். சென்னையிலிருந்து தெற்கே 103 கிலோமீட்டர் வெட்டிக்கொண்டு வந்தது இந்தப் பகுதியில் கழிமுகத்தோடு முடிகிறது. லாரி வருவதற்கு முன் உப்பும் விறகும் படகில் சென்னைக்குப் போன வழி அது. இன்று தூர்ந்து கிடக்கிறது. பாலத்தின் மேல் நின்று பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவே.

கூனிமேட்டுக்குத் திரும்புவோம். இந்தச் சிறிய ஊரில் 1680களில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு வணிகச் சாவடி வைத்திருந்தது என்று சொன்னால் ஊர்க்காரர்களிலேயே பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். கம்பெனி ஆவணங்களில் கோனிமீர் என்று எழுதியிருக்கிறார்கள். 1690இல் கடலூருக்கு அருகே தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியர்களிடமிருந்து விலைக்கு வாங்கிப் புனித டேவிட் கோட்டை என்று பெயர் வைத்த பிறகு, அவர்களுக்கு இங்கே வேலை குறைந்துபோயிற்று. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் மூட்டை கட்டிவிட்டார்கள். அதன் அடையாளம் என்று காட்ட இன்று ஊரில் எதுவும் இல்லை. அதைத் தேடி அலைய வேண்டாம்.

ஊரில் பார்க்க வேண்டியது இன்றைய வாழ்க்கை. கிழக்கே கொஞ்ச தூரம் நடந்தால் மீனவர் குப்பம். காலை எட்டு மணிக்கு முன் போனால் படகுகள் கரையேறி வலை பிரிப்பதைப் பார்க்கலாம். நண்டும் சங்கராவும் நெத்திலியும் மணலிலேயே ஏலம் போகும். ஏலம் நடக்கிற வட்டத்துக்குள் புகுந்து படம் எடுக்கக் கூடாது. அது அவர்களுடைய அன்றைய கூலி நிர்ணயமாகிற நேரம். கடலில் குளிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கரை பார்க்கச் சாதுவாக இருந்தாலும் ஆழம் சட்டென்று இறங்கும், கீழ்நீரோட்டம் இழுக்கும். உயிர்க்காவல் ஆட்கள் யாரும் இல்லை. காலை நனைத்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. காலையில் இடியாப்பமும் புரோட்டாவும் சால்னாவும், மதியம் பிரியாணியும் மீன்குழம்பும் சாலையோரக் கடைகளில் கிடைக்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தில், பன்னிரண்டரையிலிருந்து இரண்டு மணி வரை, பல கடைகள் மூடியிருக்கும். ரமலான் மாதத்தில் பகலில் தேநீர்கூடக் கிடைப்பது கடினம். ஆனால் அந்த மாதத்தில் மாலையில் வருகிறவருக்கு நோன்புக் கஞ்சி கிடைக்கும், யார் என்ன என்று கேட்காமல் ஊற்றுவார்கள். மாசி முதல் வைகாசி வரை சாலை நெடுகத் தர்பூசணி குவிந்திருக்கும். இந்தச் சுற்றுவட்டார மணலில் விளைந்தது. உப்பளத்திலிருந்து வந்த உடம்புக்கு அதைவிட நல்லது எதுவும் இல்லை.

கருவாடு வாங்குகிறவர்கள் மரக்காணத்தில் வாங்கலாம். வாளையும் நெத்திலியும் கூனிப்பொடியும் நன்றாக இருக்கும். வெயிலில் முறுக்காகக் காய்ந்ததா என்று ஒடித்துப் பாருங்கள். வளைந்தால் வேண்டாம். இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் இறுக்கிக் கட்டித் தரச் சொல்லுங்கள், பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவருக்காக. உப்பும் ஆசைக்கு ஒரு பை வாங்குவீர்கள். அம்பாரத்திலிருந்து அள்ளுகிற அந்தக் கல்லுப்பில் அயோடின் சேர்த்திருக்காது. 2006 முதல் அயோடின் கலக்காத உப்பை உணவுக்கென்று விற்க நாட்டில் தடை இருக்கிறது. ஊறுகாய்ப் பானைக்கும் மீன் அலசவும் அதை வைத்துக்கொண்டு, அன்றாடச் சமையலுக்குக் கடை உப்பையே பயன்படுத்துங்கள்.

கழுவெளிக்கு மாலையில் போக வேண்டும். கூனிமேட்டுக்கு வடமேற்கே பரந்து கிடக்கிற இந்த நீர்ப்பரப்பு, தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. மேற்கிலிருந்து ஏரிகளின் உபரிநீர் இறங்கி வருகிறது. வடகிழக்கே கழி வழியாகக் கடல்நீர் ஏறுகிறது. ஒரு முனையில் நன்னீர், மறுமுனையில் உவர்நீர் என்பதால் இரண்டுக்கும் உரிய பறவைகளும் ஒரே இடத்தில் கூடுகின்றன. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு 5,151 ஹெக்டேர் பரப்பைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் இது ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. ஊசிவால் வாத்து, கருவால் மூக்கன், பவளக்கால் உள்ளான், கூழைக்கடா, சங்குவளை நாரை எல்லாம் சாதாரணமாகக் கண்ணில் படும். தண்ணீர் குறையக் குறையப் பூநாரைகள் ஒதுக்குப்புறமாகக் கூட்டம் கூடும். இருநோக்கி இல்லாமல் வந்தால் ஏமாற்றம்தான். கரை அகலம், பறவைகள் வெகு தூரத்தில் இருக்கும். டிரோன் பறக்கவிட வேண்டாம். ஒரு தடவை பயந்து எழுந்தால், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து சேர்த்த தெம்பு அதில் போகும். எந்தப் பக்கக் கரையில் தண்ணீர் நிற்கிறது என்பது மாதத்துக்கு மாதம் மாறுவதால் உள்ளூர் ஆட்டோக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

புதுச்சேரிக்குத் திரும்புகிறவர்கள் வழியில் கீழ்ப்புத்துப்பட்டில் இறங்கலாம். அங்கே மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயிலைச் சுற்றி இருக்கிற காடு, சோழமண்டலக் கரையில் ஒரு காலத்தில் எங்கும் இருந்த உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சம். ஐயனாருக்குப் பயந்து யாரும் வெட்டாததால் பிழைத்திருக்கிறது. உள்ளே நுழைந்ததும் வெப்பம் குறைவதை உடம்பே சொல்லும். அதே ஊரில் ஈழத்தமிழர் மறுவாழ்வு முகாமும் இருக்கிறது. அது வேடிக்கை பார்க்கிற இடமில்லை. ஆனால் இந்தக் கரையின் கதையில் கடல் தாண்டி இப்படி வந்து சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள் என்பதை அறிந்துகொண்டு கடந்து போக வேண்டும்.

சென்னைக்குச் சாலை வழியே போகிறவர்களுக்கு மரக்காணத்துக்கு வடக்கே கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை. 1750இல் முசாபர் ஜங் இதைப் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேவுக்குக் கொடுத்தார். 1760இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். நாணயச் சாலை இருந்த இடம். கடலுக்குள் நீண்டிருந்த துறைமேடையிலிருந்து சரிகைத் துணியும் நெய்யும், கூடவே உப்பும் கப்பல் ஏறின. செங்கல் மதில்கள் இற்றுப்போயிருக்கின்றன, மேலே ஏற வேண்டாம்.

எனக்குப் பிடித்த திரும்பும் வழி வேறு. மரக்காணத்திலிருந்து மேற்கே திண்டிவனத்துக்குப் பேருந்து இருக்கிறது, சுமார் 35 கிலோமீட்டர். சிறுபாணாற்றுப்படை சொல்கிற வழிக்குக் கிட்டத்தட்ட இணையாகப் போகிறது. பாட்டின் வேலூர் இன்றைய உப்புவேலூர்தான் என்கிறார்கள். அது இந்தச் சாலைக்குத் தெற்கே தள்ளி இருக்கிறது, பார்க்க வேண்டுமென்றால் கிளியனூர் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். சவுக்குத் தோப்பும் மணலும் கொஞ்சம் கொஞ்சமாக முடிந்து, வேர்க்கடலைக் கொல்லைகளும் ஏரிக்கரைகளும் நெல் வயல்களும் தொடங்குவதை ஜன்னலோரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வரலாம். நல்லியக்கோடனின் ஊரான ‘கிடங்கில்’ இப்போது திண்டிவனம் நகரத்துக்குள் ஒரு பகுதி. பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோவில் போய்ப் பார்த்துவிட்டு ரயில் நிலையத்துக்கு வந்தால் சென்னை, விழுப்புரம் இரண்டு பக்கமும் வண்டி கிடைக்கும். மாலை வண்டிகளில் கூட்டம் அதிகம், ஞாயிற்றுக்கிழமை என்றால் நிற்கவே இடம் இருக்காது. அன்றைக்கு நான்கு மணிக்கு முன் ஏறிவிடுங்கள்.